படத்தை எடுக்க மாட்டேன்



இது நீளமான பதிவு. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் படிக்க வேண்டாம். படிக்காமலே லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான், புரியாமலே தலையை ஆட்டுவீர்கள்.

போன வருஷம் பாரிஸில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது எடுத்த படங்களில் ஒன்றைச் சென்ற ஞாயிற்றுக்கிழமை இங்கே போட்டேன். (எங்கள் காரைக்கால் பக்கத்தில் பிரான்சில் உறவு இல்லாத தெரு கிடையாது. அதனால் இதில் பெருமை ஒன்றும் இல்லை.) எதுவார் மனே வரைந்த 'ஒலிம்பியா'. கட்டிலில் ஒரு பெண் ஆடையில்லாமல் சாய்ந்திருக்கிறாள். பின்னால் ஒரு கறுப்பினப் பணிப்பெண் பூங்கொத்தோடு நிற்கிறாள். கீழே, "160 வருஷத்துக்கு முந்தின வெளிச்சம்" என்று ஒரு வரி எழுதினேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் போனைத் திறந்தால் கமெண்ட் குவிந்து கிடக்கிறது. அண்ணன் மகன் எழுதுகிறான்: "அத்தை, இந்த வயசுல இதெல்லாம் தேவையா? பசங்க பாக்குறாங்க." என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்து இன்று வங்கி மேலாளராக இருக்கும் பிள்ளை: "டீச்சர், மன்னிக்கணும். நீங்க சொல்லிக்கொடுத்த ஒழுக்கம் இது இல்லையே." சம்பந்தியம்மா கமெண்ட் போடவில்லை. போனில் கூப்பிட்டு, உடம்பெல்லாம் நல்லா இருக்கா என்று இரண்டு தடவை கேட்டார்கள்.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கோபம் வரவில்லை. கோபம் வந்தது ஒரே ஒரு கமெண்ட்டுக்கு. எழுதியவன் நன்றாகப் படிக்கிற பையன். ஐரோப்பாவெல்லாம் சுற்றியவன். "டீச்சர், நிர்வாணம் எனக்குப் பிரச்சினை இல்ல. ஆனா கலைன்னா அழகு இருக்கணும். அதே மியூசியத்துல கபனெல் வரைஞ்ச வீனஸ் இருக்கே, அதைப் போட்டிருக்கலாம். இது அழுக்கா, விலைமாது மாதிரி இருக்கு." அதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிக லைக். ஒழுக்கம் பேசிய வங்கி மேலாளரும் அதற்கு லைக் போட்டிருக்கிறார்.

இந்தப் பதிவு அந்தப் பையனுக்கு. மற்றவர்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து கேளுங்கள்.

தம்பி, நீ என் வகுப்பில் பானை வரைந்தது ஞாபகம் இருக்கிறதா? நம் பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணியிடம் வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தது. ஆசிரியர் பயிற்சியில் நான் கற்ற கொஞ்சம் ஓவியத்தை வைத்துக்கொண்டு நானேதான் அந்தப் பாடவேளையையும் ஓட்டினேன். மேஜைமேல் ஒரு மண்பானை. இடதுபக்கம் ஜன்னல். வெளிச்சம் படுகிற பக்கம் வெள்ளையாக விடு, எதிர்ப்பக்கம் இருட்டு அடி, நடுவில் பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்துக் கொண்டுவா என்பேன். அந்த நடுப்பகுதிதான் பானையை உருண்டையாக்கும். ஒருநாள் மேஜையை நகர்த்திப் பானையை ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்தேன். உங்களையெல்லாம் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைத்தேன். "டீச்சர், பானை தட்டு மாதிரி ஆயிருச்சு" என்று கத்தினீர்கள். நடு நிழல் காணாமல் போய்விட்டது. ஓரத்தில் மட்டும் ஒரு கறுப்புக் கோடு. பானை ஒன்றுதான். வெளிச்சம் வரும் திசைதான் மாறியது.

கபனெலுக்கும் மனேவுக்கும் நடுவில் இருக்கிற சண்டையின் பாதி அந்தப் பானைதான்.

இரண்டு படமும் 1863இல் வரைந்தவை. இரண்டும் இன்று பாரிஸில் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழைய ரயில் நிலையம் அது, 1986இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் தங்கை மகள் எங்களை அன்றைக்குத்தான் அழைத்துப் போனாள். (தங்கை பெரிய கடிகாரத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். 30 வருஷமாகப் பாரிஸில் இருக்கிறவள், உள்ளே வந்தது அதுவே முதல் தடவை.)

அலெக்சாந்த்ர் கபனெலின் 'வீனஸின் பிறப்பு' படத்தில் கடல் அலைமேல் ஒருத்தி படுத்திருக்கிறாள். மேலே சிறகு முளைத்த குழந்தைகள் பறக்கின்றன. அவள் கை முகத்தை மறைப்பதுபோல நெற்றிமேல் கிடக்கிறது. கண் மூடியும் மூடாமலும் இருக்கிறது. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்பார். அகப்படாது. எல்லாப் பக்கமும் இருந்து பாலைக் கரைத்து ஊற்றிய மாதிரி வருகிறது. உடம்பில் ஒரு மடிப்பு, ஒரு ரோமம், ஒரு தழும்பு கிடையாது. கடல் அலைமேல் கிடக்கிற உடம்பில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. எமில் ஜோலா என்ற எழுத்தாளர், இந்த அம்மாள் ரத்தமும் சதையுமாக இல்லை, வெள்ளையும் ரோஜா நிறமுமான பாதாம் மிட்டாயில் செய்தவள் என்று கிண்டல் செய்தார். அந்த வருஷத்து சலோன் கண்காட்சியில் இதை விலை கொடுத்து வாங்கியவர் யார் தெரியுமா? பிரான்சின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். யாரும் கலாச்சாரம் கெட்டுப்போச்சு என்று சொல்லவில்லை. அது வீனஸ் ஆயிற்றே, தேவதை ஆயிற்றே.

மனே தன் படத்தை இரண்டு வருஷம் கழித்து 1865 சலோனில் வைத்தார். கூட்டம் கூடிச் சிரித்தது, திட்டியது. படத்தைக் கிழித்துவிடுவார்களோ என்று காவலுக்கு ஆள் நிறுத்தினார்கள். பிறகு யார் கைக்கும் எட்டாத உயரத்தில், கதவுக்கு மேலே, கொண்டுபோய் மாட்டினார்கள். பத்திரிகைகள் எழுதியதை என் தங்கை மகள் எனக்குச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். உடம்பு அழுக்காக இருக்கிறதாம். பிணவறையில் கிடப்பது மாதிரி இருக்கிறதாம். குர்பே பெரிய ஓவியர், தானே நிர்வாணப் படங்கள் வரைந்து திட்டு வாங்கியவர். அவருக்கே இது சீட்டுக்கட்டு ராணி மாதிரித் தட்டையாகத் தெரிந்ததாம். பானை தட்டு மாதிரி ஆயிருச்சு!

அழுக்கு என்ற வார்த்தையைக் கவனித்தாயா தம்பி? 1865இல் பாரிஸ் பத்திரிகைக்காரன் எழுதிய வார்த்தையை நீ போன வாரம் என் பதிவில் எழுதியிருக்கிறாய். நீ அதை எங்கும் படித்து எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தானாக வந்திருக்கிறது.

எதனால் வருகிறது என்று பார்ப்போம். மனே அந்தப் பெண்ணை நேர் எதிர் வெளிச்சத்தில் வைத்தார். நடு நிழலை எடுத்துவிட்டார். நெற்றியிலிருந்து பாதம்வரை ஒரே வெளிச்சம், ஓரத்தில் மட்டும் இருண்ட கோடு. நடு நிழல் என்பது உடம்புக்கு ஒரு மெல்லிய சல்லாத் துணி போல. கபனெலின் வீனஸ் ஆடையில்லாமல் இருந்தாலும் அந்தத் துணியைப் போர்த்திக்கொண்டிருக்கிறாள். ஒலிம்பியாவுக்கு அதுவும் இல்லை. மஞ்சள் பாய்ந்த தோல், கழுத்தில் கறுப்பு நாடா, காலில் செருப்பு. அந்தச் செருப்பிலும் ஒன்று கழன்று கிடக்கிறது. செருப்பு போட்ட தேவதையை யாராவது பார்த்ததுண்டா? அவள் கண் மூடவில்லை. நேராக உன்னைப் பார்க்கிறாள். வந்துட்டியா, என்ன வேணும் என்று கேட்கிற பார்வை.

தங்கை மகள் இன்னொன்று சொன்னாள். மிஷேல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1971இல் துனிஸ் நகரில் மனேயைப் பற்றிப் பேசியபோது சொன்னதாம்: ஒலிம்பியாவின் மேல் படுகிற வெளிச்சம் படத்துக்கு வெளியே, பார்க்கிறவன் நிற்கிற இடத்திலிருந்து வருகிறது. அதாவது விளக்கு நம் கையில். அவள் நிர்வாணமாகத் தெரிகிறாள் என்றால் வெளிச்சம் காட்டிக்கொண்டு நிற்பது நாம்தான். இது எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு போகிறவன் மேல் யாராவது திரும்பி டார்ச் அடித்தால் எப்படிக் கூசும், அப்படி இருந்தது.

அவள் விலைமாதுவாகத்தான் வரையப்பட்டிருக்கிறாள், அதை நான் மறுக்கவில்லை. அந்தக் காலத்துப் பாரிஸில் 'ஒலிம்பியா' என்பது அப்படிப்பட்ட பெண்கள் வைத்துக்கொள்கிற பெயர். அந்த சலோனுக்குக் கோட்டும் தொப்பியுமாக வந்த பெரிய மனிதர்களில் பலருக்கு அந்தக் கட்டில் பழக்கமான கட்டில். வீனஸைப் பார்த்தபோது அவர்களுக்குக் கலை ஞாபகம் வந்தது. இவளைப் பார்த்தபோது நேற்று ராத்திரி ஞாபகம் வந்தது. அதுதான் அழுக்காகத் தெரிந்தது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் குடும்ப வாட்ஸப் குழுவில் சினிமா நடிகைகள் மழையில் நனைகிற பாட்டு வராத நாள் உண்டா? அதற்கு யாராவது "பசங்க பாக்குறாங்க" என்று எழுதினீர்களா? அண்ணன் பேத்தி கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்குப் புருவத்தில் ஒரு தழும்பு உண்டு, ஐந்து வயதில் கிணற்றடியில் விழுந்தது. ஆல்பத்தில் தழும்பைக் காணோம். என் நிறம் அவள், மாநிறத்துக்கும் ஒரு படி கீழே. ஆல்பத்தில் கோதுமை மாவு. "யாருடா இது?" என்று நான் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தீர்கள். போனில் பியூட்டி ஃபில்டர் என்று ஒன்று வைத்திருக்கிறீர்களே, கபனெல் 1863இன் பியூட்டி ஃபில்டர். மனே எடுத்தது ஆதார் கார்டு போட்டோ. எது நம் முகம் என்று கேட்டால் நாம் ஃபில்டரைக் காட்டுகிறோம். சர்க்கார் ஆதாரைத்தான் கேட்கிறது.

இந்தச் சண்டை மனேவோடு தொடங்கியதும் அல்ல. அவருக்கு 200 வருஷத்துக்கு முன்னால் ஹாலந்தில் ரெம்ப்ராண்ட். 1630ஐ ஒட்டி ஒரு பெண்ணை ஆடையில்லாமல் உட்கார வைத்துச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டார். தொங்கின வயிறு, காலுறை நாடா இறுக்கிக் கட்டிய தடம் முழங்காலுக்குக் கீழே. 1681இல், ரெம்ப்ராண்ட் இறந்து 12 வருஷம் கழித்து, ஆந்திரீஸ் பெல்ஸ் என்ற கவிஞர் இந்த மாதிரிப் படங்களை நினைத்துத் திட்டி எழுதினார். கிரேக்க வீனஸ் கிடைக்கவில்லையா, துணி வெளுக்கிறவளையா மாடலாக வைப்பது, துவண்ட மார்பையும் நாடாத் தடத்தையுமா வரைவது என்று. நாடாத் தடம்! பாவாடை நாடா கட்டுகிற நம் பெண்களுக்கு இடுப்பில் அந்தத் தடம் இல்லாத ஆள் உண்டா? அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது நான் பார்த்தது அந்தத் தடத்தைத்தான். எழுபது வருஷம் கட்டின நாடா. அது அசிங்கம் என்று ஒரு கவிஞர் சொல்கிறார், அவருக்கு இலக்கிய வரலாற்றில் இடமும் இருக்கிறது.

ரெம்ப்ராண்டின் இன்னொரு படம் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1654இல் வரைந்த 'பத்சேபாள்'. கிறிஸ்தவ மாணவர்களுக்குக் கதை தெரியும். அவள் குளிப்பதைத் தாவீது ராஜா மாடியிலிருந்து பார்த்து ஆள் அனுப்புகிறான். படைவீரனான அவள் புருஷன் உரியாவைப் பிறகு போர்முனையில் சாகவைக்கிறான். ரெம்ப்ராண்ட் ராஜாவை வரையவில்லை. மாடியை வரையவில்லை. கையில் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிற பெண்ணையும், அவள் காலைத் துடைக்கிற ஒரு கிழவியையும் மட்டும் வரைந்தார். சுற்றிலும் இருட்டு. வெளிச்சம் அவள் தோளிலும் மார்பிலும் வயிற்றிலும் விழுகிறது. முகத்தில் கொஞ்சம்தான். அந்த முகத்தைப் பார்த்தவன் அப்புறம் வேறு எதையும் பார்க்க மாட்டான். என்ன செய்வது என்று யோசிக்கிற பெண்ணின் முகம். இத்தனை பெரிய உடம்பு வெளிச்சத்தில் இருக்க, நம்மைப் பிடித்து நிறுத்துவது கவலை.

மாடலாக இருந்தது ஹெந்திரிக்யே ஸ்டோஃபல்ஸ் என்று பலரும் கருதுகிறார்கள். ரெம்ப்ராண்ட் வீட்டில் வேலைக்கு வந்து, கல்யாணம் இல்லாமல் அவரோடு வாழ்ந்தவள். அதே 1654இல் சபைப் பெரியவர்கள் அவளைக் கூப்பிட்டு விசாரித்து, நற்கருணை வாங்கக் கூடாது என்று விலக்கி வைத்தார்கள். அப்போது அவள் கர்ப்பிணி. அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. அவளோடு வாழ்ந்த ஆணை விலக்கி வைக்கவில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

இனிமேல் சொல்வதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்தப் படத்தில் பத்சேபாளின் இடது மார்பில், அக்குள் பக்கமாக, ஒரு லேசான குழிவு, ஒரு நிற மாற்றம் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் சில மருத்துவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது மார்பகப் புற்றுநோயின் அடையாளமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். வேறு மருத்துவர்கள், இல்லை, வேறு நோயாகவும் இருக்கலாம் என்று மறுத்தார்கள். யார் சொன்னது சரி என்பது எனக்கு முக்கியமில்லை. ஒரு ஓவியன் தான் பார்த்த தோலை, பார்த்த வெளிச்சத்தில், அப்படியே வைத்திருக்கிறான். அதனால் 300 வருஷம் கழித்து டாக்டர்கள் அந்தப் படத்தின் முன்னால் நின்று நோயைப் பற்றி வாதம் செய்ய முடிகிறது. கபனெலின் வீனஸ் முன்னால் எந்த டாக்டருக்கும் வேலை கிடையாது. பாதாம் மிட்டாய்க்கு வியாதி வராது.

எங்கள் பெரியக்காவுக்கு வந்தது. அவள் மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உறவுகளில் பலருக்குத் தெரியும், ஆனால் நாம் பேச மாட்டோம். கட்டி என்று தெரிந்தும் ஒன்றரை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. குளியலறையில் விளக்குப் போடாமல் குளித்திருக்கிறாள். தானே தன்னைப் பார்க்கக் கூடாது என்று. அத்தான் மருந்துக்கடையில் சொல்லி வாங்கிக் கொடுத்த மாத்திரையை நெஞ்சுவலிக்கு என்று போட்டிருக்கிறாள். கடைசியில் நான் இழுத்துக்கொண்டு போனபோது, டாக்டர் ரவிக்கையைக் கழற்றச் சொன்னதும் எழுந்து வெளியே வந்துவிட்டாள். பெண் டாக்டரைத் தேடி இன்னொரு மூன்று வாரம். அதற்குள் அக்குளில் பரவியிருந்தது. கடைசி மாதங்களில் புண்ணுக்குக் கட்டு மாற்றியது நான். அக்காவோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள் நான். அவள் உடம்பை வெளிச்சத்தில் பார்த்தது அப்போதுதான். "லைட்டைப் போடாதடி" என்றாள். போடாமல் எப்படிக் கட்டுவது?

ஒர்சேயில் ஒலிம்பியா முன்னால் நான் வெகுநேரம் நின்றதும், ஊருக்கு வந்தபின் அந்தப் படத்தை இங்கே போட்டதும் இதனால்தான். நிர்வாணத்தைப் பார்க்க எனக்கு ஆசை இல்லை, அந்த வயதெல்லாம் போயாச்சு. தன் உடம்பின் மேல் விழுகிற வெளிச்சத்துக்குக் கண் மூடாமல் இருக்கிற ஒரு பெண்ணைப் பார்க்க வேண்டியிருந்தது.

என் மாணவி ஒருத்தி, கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், வேறு பக்கத்திலிருந்து அடித்தாள். "ஆம்பளைங்க ஆம்பளைங்களுக்காக வரைஞ்சதுதானே டீச்சர், இதுல என்ன உண்மை?" அவளுக்கு நான் முழு மார்க் போடுகிறேன். 1914 மார்ச்சில் லண்டன் நேஷனல் கேலரியில் வெலாஸ்கஸ் வரைந்த வீனஸை மேரி ரிச்சர்ட்சன் என்ற பெண் வெட்டுக்கத்தியால் கீறினாள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவள். தங்கள் தலைவி எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட்டைக் கைது செய்ததற்கு எதிர்ப்பு என்றாள் அப்போது. ஆண்கள் நாளெல்லாம் அந்தப் படத்தை வாய் பிளந்து பார்த்தது பிடிக்கவில்லை என்று பல வருஷம் கழித்துச் சொன்னாள். படத்தைக் கீறியதை நான் ஏற்கமாட்டேன். கோபத்தை ஏற்கிறேன். பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்க்கவே இல்லை. பெண் உடம்பை வரைவதுதான் படிப்பின் சிகரம், ஆனால் பெண் அந்த அறைக்குள் மாடலாக மட்டும்தான் நுழையலாம்.

அதனால் ஒலிம்பியாவுக்கு மாடலாக இருந்த விக்டோரின் மெரானைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளைக் குடித்து அழிந்துபோன விலைமாது என்றுதான் வெகுகாலம் எழுதினார்கள். அவள் ஓவியர். 1876 சலோனுக்கு அவளும் படம் அனுப்பினாள், மனேயும் அனுப்பினார். மனேயை நிராகரித்தார்கள். அவள் வரைந்த அவளுடைய சொந்த முகத்தை ஏற்றுக்கொண்டார்கள். 83 வயதுவரை வாழ்ந்து 1927இல் இறந்தாள்.

சூசான் வலதோன் என்று இன்னொருத்தி. அவள் அம்மா துணி வெளுத்துப் பிழைத்தவள். பெல்ஸ் கவிஞர் சொன்ன அதே வேலை! ரெனுவார் போன்றவர்களுக்கு மாடலாக நின்று, பார்த்துப் பார்த்தே வரையக் கற்றுக்கொண்டாள். 1931இல், அறுபதுகளின் நடுவில், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தன்னைத் தானே திறந்த மார்போடு வரைந்தாள். தளர்ந்த மார்பு, கண்டிப்பான முகம், பள்ளி ஆய்வாளர் அம்மா மாதிரி. எனக்கும் இப்போது அதே வயது. நம் அம்ரிதா ஷெர்கில் பாரிஸில் படித்தபோது, 1933இல், ஒரு மாடலை வரைந்தார். இளைத்து, ஓய்ந்து, இந்த உடம்பைக் காட்டித்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது என்ற சலிப்போடு அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். படத்தின் பெயரே 'தொழில்முறை மாடல்'. அப்போது அம்ரிதாவுக்கு 20 வயது.

ஆகவே, மகளே, ஆண் வரைந்தானா பெண் வரைந்தாளா என்று நீ கேட்பது சரிதான். அதோடு இதையும் கேள்: வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? அவள் நம்மைப் பார்க்கிறாளா?

மனேயைக் கோயில் கட்டிக் கும்பிடச் சொல்லவில்லை. அவர் வெளிச்சம் தவறிய இடமும் அதே படத்தில் இருக்கிறது. பணிப்பெண்ணைப் பாருங்கள். அவள் உடையும் பூங்கொத்தும் வெளிச்சத்தில் இருக்கின்றன. முகம் பின்னால் தொங்கும் இருண்ட திரையோடு ஒட்டிக்கொள்கிறது. அவள் பெயர் லோர். மனேயின் குறிப்பேட்டில் அவள் வீட்டு முகவரி இருக்கிறது, அழகி என்ற வார்த்தையும் இருக்கிறது. அப்படி எழுதியவர் முகத்துக்கு இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வைத்திருக்கலாம். 2019இல் ஒர்சேயில் கறுப்பின மாடல்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தித்தான் அவள் பெயரை ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. என் பதிவில் இத்தனை பேர் சண்டை போட்டீர்கள். அவள் யார் என்று ஒருவர் கேட்கவில்லை. ஒருவர் மட்டும் "பின்னாடி நிக்கிறது நம்ம டீச்சர் மாதிரி இருக்கு" என்று எழுதிச் சிரிப்பு பொம்மை போட்டிருந்தார். உறவுக்காரர். கிண்டலாக எழுதினார், நான் மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

"நம்ம கலாச்சாரம்" என்று எழுதியவர்களுக்குக் கோயில் சிலைகளைக் காட்டி வாயை அடைக்கலாம். எல்லோரும் செய்வது அதுதான். நான் செய்ய மாட்டேன், அது என் வாதத்துக்கு உதவாது. சிற்பி செதுக்கியது இலட்சிய உருவம், அளவு பார்த்து அமைத்த இடுப்பு, அளவு பார்த்து அமைத்த மார்பு. அந்த வகையில் அவர் கபனெல் கட்சி. ஆயிரம் மடங்கு உயர்ந்த கலைஞர், ஆனாலும் அந்தக் கட்சி. எதிரே இருக்கிற ஒருத்தியை, அவள் பெயரோடு, அவள் களைப்போடு, அந்த நேரத்து வெளிச்சத்தில் வைப்பது வேறு வேலை. அதை நாம் இன்னும் சரியாகப் பழகவில்லை. துணி கட்டிய பெண்ணைக்கூட நாம் அப்படி வரைவதில்லை. காலண்டரில் சமைக்கிற பெண்ணுக்கு வேர்ப்பதில்லை.

அண்ணன் மகனே, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றாய். உன் மூத்தவளுக்குப் பதினாறு வயது. அவள் எனக்குத் தனியாக மெசேஜ் அனுப்பினாள். என்ன கேட்டாள் என்று இங்கே எழுத மாட்டேன், அவள் என்னை நம்பிக் கேட்டது. அப்பாவுக்கு ஒன்றுமட்டும் சொல்கிறேன்: படத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவளைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போகிறேன், பெரிதாக ஒன்றும் இருக்காது, பயப்படாதே. உன் பெண்டாட்டிக்குத் தெரியும்.

ஃபேஸ்புக்கே படத்தை எடுத்துவிட்டால் அது வேறு விஷயம். குர்பே வரைந்த ஒரு நிர்வாணப் படத்தைப் போட்டதற்காக 2011இல் பிரான்சில் ஒரு பள்ளி ஆசிரியரின் கணக்கையே மூடினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போய் 2018இல் தீர்ப்பு வந்தது, சரியாகத் தெரிவிக்காமல் மூடியது தவறு என்று. எனக்குக் கோர்ட்டுக்குப் போகத் தெம்பில்லை. நானாக எடுக்க மாட்டேன்.

வங்கி மேலாளர் தம்பி, ஒழுக்கம் சொல்லிக் கொடுத்தேன், உண்மைதான். பானையும் சொல்லிக் கொடுத்தேன். நீ கோட்டைப் போட்டுவிட்டு நிழல் அடிக்காமலே நீட்டுவாய்.

தங்கை மகள் இந்த மாதம் லூவருக்குப் போகிறாளாம். பத்சேபாளைக் கிட்டே நின்று, முகம் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வந்ததும் போடுகிறேன்.